டார்ட்மவுத், 2021: சர்வர் பதிவை வைத்துக் குற்றம் சாட்டப்பட்ட 17 மருத்துவ மாணவர்கள்

பின்னணி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹானோவர் என்ற சிறிய ஊரில் டார்ட்மவுத் கல்லூரி இருக்கிறது. அதன் கைசல் மருத்துவப் பள்ளி 1797இல் தொடங்கப்பட்டது. அந்த நாட்டில் இதைவிடப் பழைய மருத்துவப் பள்ளிகள் மூன்றுதான். 2020இல் கொரோனா வந்ததும் மற்ற இடங்களைப் போலவே இங்கும் முதல், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருந்த இடத்திலிருந்தே ஆன்லைனில் தேர்வு எழுத ஆரம்பித்தார்கள்.

அந்தத் தேர்வு எப்படி நடந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்த சிக்கலுக்கு வித்து அதில்தான் இருக்கிறது. மாணவர் தன் மடிக்கணினியிலோ டேப்லெட்டிலோ எக்ஸாம்சாஃப்ட் என்ற மென்பொருளில் தேர்வு எழுதுவார். எழுதும் நேரத்தில் அந்தக் கருவியில் பாடக் குறிப்புகளைப் பார்க்க முடியாதபடி அது தடுத்துவிடும். தேர்வின் நடுவே கருவி பழுதானால் சமாளிக்க இன்னொரு கருவியையும் பக்கத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. பாடக் குறிப்புகள், பயிற்சி வினாக்கள் போன்றவை கேன்வாஸ் என்ற வேறொரு தளத்தில் இருந்தன. அதைப் போனிலும் திறக்கலாம், கணினியிலும் திறக்கலாம். ஆக, ஒரு கருவிக்குப் பூட்டு உண்டு. பூட்டில்லாத இன்னொன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதுவும் கல்லூரி சொல்லித்தான்.

மருத்துவக் கல்லூரிகள் தேர்வு நேர்மை விஷயத்தில் மற்ற கல்லூரிகளைவிடக் கடுமையாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2005இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மாநில மருத்துவ வாரியங்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான 235 மருத்துவர்களின் மாணவப் பருவக் கோப்புகளையும், நடவடிக்கை எதற்கும் உள்ளாகாத 469 பேரின் கோப்புகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். நடவடிக்கைக்கு உள்ளானவர்களின் கோப்புகளில், படிக்கும் காலத்திலேயே தொழில்முறைக்கு ஒவ்வாத நடத்தை பதிவாகியிருந்த வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. மருத்துவக் கல்வியாளர்கள் இந்த ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். இன்று தேர்வில் ஏமாற்றும் மாணவர் நாளை நோயாளியின் கோப்பிலும் ஏமாற்றுவார் என்ற கவலைக்கு அது ஓர் ஆதாரமாகிவிட்டது. கவலை நியாயமானதுதான். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவை பேராசிரியர்கள் நேரில் பார்த்து எழுதிய குறிப்புகள், கோப்பில் சேர்ந்திருந்த நடத்தைப் பதிவுகள். எந்தப் பக்கம் எப்போது திறக்கப்பட்டது என்று கணினி தானாக எழுதிவைக்கும் சர்வர் பதிவு அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

சந்தேகமும் தணிக்கையும்

2021 தொடக்கத்தில் ஓர் ஆசிரியர், சிலர் தேர்வு நேரத்தில் இரண்டாவது கருவியில் கேன்வாஸைப் பார்த்திருக்கலாம் என்று புகார் கொடுத்தார். மாணவர்களின் செயல்திறனையும் நடத்தையையும் கவனிக்கும் குழு அதைக் கையில் எடுத்தது. ஆசிரியர்களோடு மாணவப் பிரதிநிதிகளும் அதில் இருந்தார்கள். அந்தக் கல்வியாண்டில் நடந்த 18 தேர்வுகளின்போது கேன்வாஸில் பதிவான நடமாட்டத்தை ஆராயும்படி தொழில்நுட்பப் பிரிவைக் குழு கேட்டுக்கொண்டது. மாணவர்களின் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்தால் அது 3,000க்கும் மேற்பட்ட தேர்வு அமர்வுகள்.

தொழில்நுட்பப் பிரிவு ஒரு வடிவத்தைத் தேடியது. தேர்வு நேரத்தில் ஒரு பாடத்தின் முகப்புப் பக்கம், அடுத்து அதே பாடத்தில் வினாவோடு தொடர்புள்ள ஒரு படிப்புப் பக்கம். இப்படி வரிசையாகப் பதிவு இருந்தால் மாணவர் விடையைத் தேடிப் போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். பதிவுகளை இப்படிச் சல்லடை போட்டுச் சலித்தபோது, முதல் சலிப்பில் 38 பேர் சிக்கினார்கள். ஏமாற்றியிருக்க அதிக வாய்ப்பு உள்ளதாகக் குழு கருதிய 17 பேர் மீது மட்டும் நடவடிக்கை தொடங்கியது.

புகாரை ஆராயாமல் விட்டிருக்க முடியாது. சந்தேகத்தை உதறித் தள்ளியிருந்தால் அதுவும் கடமை தவறியதாகவே இருந்திருக்கும். ஆனால் இந்த வடிவம் எவ்வளவு நம்பகமானது என்ற கேள்வி விசாரணைக்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும். கேன்வாஸ் பக்கத்தைப் போனிலோ கணினியிலோ திறந்து அப்படியே விட்டுவிட்டால், யாரும் தொடாதபோதும் கருவி தானாக சர்வரோடு பேசி, பார்வை நடந்ததுபோல் ஒரு வரியைப் பதிவேட்டில் எழுத முடியும். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பிறகு இதைச் சோதித்து உறுதிசெய்தது.

இன்னொரு கோணமும் உண்டு. நாளைக்கு நரம்பியல் தேர்வு என்றால் இன்று இரவு மாணவர் எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார்? நரம்பியல் பக்கத்தைத்தான். அதை மூடாமல் தூங்கப் போய்விட்டால், மறுநாள் தேர்வு நேரத்தில் தானாக எழும் பதிவும் நரம்பியல் பக்கத்துக்கே போகும். வினாவோடு பக்கம் பொருந்துவதைக் குற்றத்தின் அடையாளமாக எண்ணினார்கள். ஒழுங்காகப் படித்த மாணவரிடமும் அதே பொருத்தம் வரத்தான் செய்யும்.

எண்ணிக்கையையும் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரு பேச்சுக்கு, இந்தச் சலிப்பு நூறு அமர்வில் ஒன்றைத் தவறாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3,000 அமர்வுகளில் எந்தத் தவறும் செய்யாத முப்பது அமர்வுகள் சிக்கிவிடும். உண்மையான தவறு விகிதம் என்ன என்பதை அளக்க ஒரு வழி இருந்தது. ஏமாற்றவே முடியாத சூழலில், உதாரணமாகக் கண்காணிப்பாளர் முன்னால் தேர்வு எழுதியவர்களின் பதிவிலும் இதே வடிவம் வருகிறதா என்று பார்த்திருக்கலாம். ஒரு புதிய ரத்தப் பரிசோதனையை இப்படிச் சரிபார்க்காமல் நோயாளியிடம் பயன்படுத்தினால் எந்த மருத்துவப் பேராசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நோய் இல்லாதவருக்கும் நோய் இருப்பதாகக் காட்டும் பொய் நேர்மறை முடிவு என்றால் என்ன என்பது முதலாண்டுப் பாடம்.

விசாரணை

மார்ச் மாதத்தில் 17 பேருக்கும் தகவல் போனது. அதன் பிறகு நடந்ததை மாணவர்களின் வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் வைத்து நியூயார்க் டைம்ஸ் மே மாதம் எழுதியது. குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல 48 மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். தேர்வு நேரப் பதிவுகள் முழுமையாகத் தரப்படவில்லை. தாங்கள் மறுத்தபோதும், குற்றத்தை ஒப்புக்கொள்வது நல்லது என்று அறிவுரை வந்தது. ஆன்லைன் விசாரணையில் தம் தரப்பைச் சொல்ல இரண்டு நிமிடம்தான் தந்தார்கள் என்றும் புகார் இருந்தது.

17 பேரில் 7 பேர் மீதான வழக்குகள் கைவிடப்பட்டன. மீதி 10 பேர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் நீக்கப்பட்டார்கள், சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், சிலருக்குப் பாடத்தில் தோல்வியும் தொழில்முறைக்கு ஒவ்வாத நடத்தை என்ற குறிப்பும் கோப்பில் ஏறின. அமெரிக்காவில் அந்தக் குறிப்பு லேசான விஷயமில்லை. படிப்பு முடித்து மருத்துவமனைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரி அனுப்பும் கடிதத்தோடு அதுவும் போகும்.

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது கைவிடப்பட்ட அந்த 7 வழக்குகள். அவற்றில் ஒன்றிலாவது கல்லூரியே மாணவருக்கு அனுப்பிய மின்னஞ்சலில், அந்தப் பதிவுகள் மாணவர் வேண்டுமென்றே செய்ததாக இல்லாமல் கேன்வாஸ் தானாக உண்டாக்கியவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதியது. ஒரு வழக்கில் இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்ட அந்த நிமிடமே மற்ற 16 வழக்குகளின் அடித்தளமும் ஆட்டம் கண்டுவிட்டது. அவர்களையும் பிடித்தது அதே சலிப்புதான். அந்த இடத்தில் மொத்த நடவடிக்கையையும் நிறுத்தி, முறையையே மறுபடி பரிசோதித்திருக்க வேண்டும். குழு ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகப் பார்த்தது. தனித்தனியாகப் பார்ப்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் எல்லா வழக்கும் ஒரே கருவியிலிருந்து பிறந்திருக்கும்போது அந்தப் பார்வை கருவியில் இருக்கும் கோளாறைக் காட்டாது.

ஒப்புதல் வாக்குமூலம்

தண்டிக்கப்பட்ட 10 பேரில் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். இதைக் கேட்டதும், அப்புறம் என்ன சந்தேகம் என்று தோன்றலாம். ஆனால் மருத்துவக் கல்லூரியின் நடத்தை விசாரணை எப்படி இயங்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது அவ்வளவு ஆச்சரியம் தராது.

இப்படிப்பட்ட குழுக்கள் பொதுவாக இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கின்றன. தவறு நடந்ததா என்று கண்டுபிடிப்பது ஒன்று. நடந்திருந்தால், மாணவர் அதை உணர்ந்திருக்கிறாரா, திருந்துவாரா என்று எடைபோடுவது இன்னொன்று. இரண்டாவது வேலையில் மாணவரின் வருத்தமும் சுயபுரிதலும் அவருக்குச் சாதகமாக எண்ணப்படும். நோயாளிக்குத் தவறான மருந்து கொடுத்துவிட்டு மறைக்கும் மருத்துவரைவிட, உடனே சொல்லிவிடும் மருத்துவரை நம்பலாம் என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. அந்த அளவில் சரிதான்.

தவறே செய்யாத மாணவர் இந்த அமைப்புக்குள் சிக்கினால் என்ன ஆகும்? உண்மையைச் சொல்லி மறுத்தால், செய்ததை உணராதவர் என்ற பெயர் வரும், தண்டனை கூடும். செய்யாததைச் செய்தேன் என்றால் தண்டனை குறையலாம். பல வருட உழைப்பும் கல்விக் கடனும் தலைமேல் தொங்கும்போது, இரண்டு நாளுக்குள் முடிவெடுக்கச் சொன்னால், பலர் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது தெரிந்ததே. நேர்மையைக் காக்க வந்த விசாரணை, பொய் சொல்பவருக்குச் சலுகையும் உண்மை சொல்பவருக்குக் கூடுதல் தண்டனையும் தரும் இடமாகிவிடுகிறது. ஒப்புக்கொண்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஏமாற்றினார்கள் என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஏமாற்றியவர் இருந்தால் அவருக்கும் இதனால் லாபமே.

கல்லூரி தன் முடிவுக்குச் சொன்ன காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். சரியான பயிற்சி இல்லாதவர் மருத்துவ உரிமம் பெறும் நிலைக்கு வந்துவிடக் கூடாது, அதனால் கல்வி நேர்மையில் விட்டுக்கொடுக்க முடியாது என்பது டீனின் நிலைப்பாடு. அந்தக் கொள்கையை யாரும் மறுக்கவில்லை. ஆதாரத்தைத்தான் கேட்டார்கள்.

எதிர்ப்பு

வளாகத்தில் போராட்டம் நடந்தது. இருபத்து நான்குக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கவலை தெரிவித்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். மாணவர் அமைப்பு நியாயமற்ற விசாரணை என்று புகார் செய்தது. இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனும், கல்வி நிலையங்களில் தனிமனித உரிமைக்காக இயங்கும் ஃபயர் அமைப்பும் மாணவர்களுக்காகக் குரல் கொடுத்தன. பதிவுகளை ஆராய்ந்த எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன், அவை வேண்டுமென்றே செய்த நடமாட்டத்தை நிரூபிக்கவில்லை என்று வாதிட்டது. இந்தச் சமயத்தில் கல்லூரி சமூக ஊடகங்களுக்கான புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. பெயர் சொல்லாமல் எழுதினாலும் யார் எழுதியது என்று கண்டறிய முடியும் என அதில் இருந்தது. நேரம் பார்த்துக் கொண்டுவந்த மாதிரி தெரிந்ததால் எதிர்ப்பு இன்னும் சூடானது.

பக்கவிளைவு ஒன்று கவனிக்கத்தக்கது. இப்படி ஒரு வலையில் தாங்களும் சிக்கிவிடுவோமோ என்று பயந்த மாணவர்கள் சிலர், கண்காணிப்பாளர் உள்ள நேரடித் தேர்வு வேண்டும் என்று தாங்களாகவே கேட்டார்கள்.

ஜூன் 2021

நியூயார்க் டைம்ஸ் செய்தி வந்து சுமார் ஒரு மாதத்தில் டீன் மருத்துவப் பள்ளியினர் அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். மறுபரிசீலனைக்குப் பிறகும், கற்றல் தளத்தை வழங்கும் நிறுவனத்திடமிருந்து வந்த புதிய தகவலின் அடிப்படையிலும், எல்லாக் குற்றச்சாட்டுகளும் கைவிடப்படுவதாக அறிவித்தார். மாணவர்களின் கோப்பில் பாதிப்பு இருக்காது என்றார். அவர்கள் பட்ட பாட்டுக்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் சொன்னார். ஒப்புக்கொண்டவர்கள், மறுத்தவர்கள் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே முடிவு.

தளத்தை வழங்கும் நிறுவனத்திடமிருந்து தகவல் வந்தது என்ற அந்தச் சொற்றொடரில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. பதிவேட்டின் ஒரு வரி எதனால் உண்டாகிறது என்பதை அந்தத் தளத்தை எழுதியவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இல்லை. வழக்கைத் தொடங்குவதற்கு முன்பே திருப்தியாகும் வரை கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதன் முழுப் பதில், சிலர் நீக்கப்பட்ட பிறகுதான் முடிவை மாற்றியது.

யாருமே காப்பி அடிக்கவில்லை என்று இந்த நிகழ்வு காட்டவில்லை. யாராவது அடித்திருக்கலாம். எது உண்மை என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விட்டது, அவ்வளவுதான்.

விதி என்ன சொல்கிறது

டார்ட்மவுத் தனியார் கல்லூரி. அரசுக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசியலமைப்பின் உரிய நடைமுறை உரிமை (முறையாக விசாரித்த பிறகே தண்டிக்க வேண்டும் என்பது) அங்கே நேரடியாகச் செல்லாது. ஆனால் மருத்துவப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் எல்.சி.எம்.இ. அமைப்பின் விதி 9.9 தனியாருக்கும் பொருந்தும். மாணவரின் நிலையைப் பாதிக்கும் எந்த நடவடிக்கைக்கும் முன் உரிய நேரத்தில் அறிவிப்பு, நடவடிக்கைக்கு அடிப்படையான ஆதாரங்களை வெளிப்படுத்துவது, பதில் சொல்ல வாய்ப்பு, மேல்முறையீட்டுக்கு வாய்ப்பு ஆகியவை வேண்டும் என்கிறது அது. மாணவர்கள் சொன்ன 48 மணி நேரத்தையும் இரண்டு நிமிடத்தையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் இது தீர்க்கப்பட்ட கேள்விதான். தேர்வில் முறைகேடு செய்தார் என்று ஒரு மாணவரின் முடிவை ரத்து செய்வதற்கு முன் அவருக்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று உத்தரப் பிரதேசக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1970இல் பீகார் தேர்வு வாரிய வழக்கில் வேறொரு நிலைமை வந்தது. ஒரு மையத்தில் மொத்தமாக முறைகேடு நடந்ததாகத் தெரிந்ததால் வாரியம் அந்த மையத் தேர்வையே ரத்து செய்தது. தனி நபர் யார் மீதும் குற்றம் சாட்டாமல் தேர்வையே செல்லாததாக்கும்போது ஒவ்வொருவரையும் விசாரிக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம்.

என்ன மாற வேண்டும்

இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் டார்ட்மவுத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். அவர்கள் கையில் இருந்த தரவு, தேர்வு நடத்திய முறையில் ஓட்டை இருக்கலாம் என்ற சந்தேகத்துக்குப் போதுமானது. குறிப்பிட்ட ஒருவர் ஏமாற்றினார் என்று சொல்லப் போதாது. அப்படியானால் செய்திருக்க வேண்டியது தேர்வைத் திருத்துவது. ஐயத்துக்குரிய பாடங்களுக்கு எல்லா மாணவர்களுக்கும், யார் பெயரிலும் கறை இல்லாமல், மறுதேர்வு வைத்திருக்கலாம். பாடம் தெரிந்தவர் மறுபடி தேறுவார், தெரியாதவர் வெளிப்படுவார். தகுதியில்லாதவர் உரிமம் பெறக் கூடாது என்ற டீனின் கவலைக்கும் இதுவே நேரடியான மருந்து. எல்லோருக்கும் சிரமம்தான், எதிர்ப்பும் வந்திருக்கும். ஆனால் அந்தச் சிரமத்தைப் பிறகு திருப்பிச் சரிசெய்ய வேண்டிய தேவை வந்திருக்காது.

தனி நபர் மீது குற்றம் சாட்டியே ஆக வேண்டும் என்றால், சர்வர் பதிவு விசாரணையைத் தொடங்க மட்டும் உதவட்டும். அதோடு விடைத்தாளில் ஒரு தடயம், நேரில் பார்த்த ஒருவர், அந்த வினாவுக்குச் செலவான நேரம் என்று தனியாக நிற்கும் இன்னொரு ஆதாரம் இல்லாமல் தண்டனை வரை போகக் கூடாது. மூலப் பதிவுகள் முழுவதும் மாணவருக்குக் கிடைக்க வேண்டும், அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் உரிமையோடு. சலிப்பை உருவாக்கிய தொழில்நுட்பப் பிரிவு தன் முறை சரியென்று தானே சான்று கொடுக்கும் நிலையும் இருக்கக் கூடாது. அதற்கு வெளியாள் ஒருவர் வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான மாற்றம் விசாரணையை இரண்டாக உடைப்பது. முதல் கட்டத்தில் தவறு நடந்ததா என்பது மட்டும், ஒரு குழுவிடம். அங்கே மறுப்பதை மாணவருக்கு எதிராக எண்ணக் கூடாது. தவறு உறுதியான பிறகுதான் இரண்டாவது கட்டம், வேறு ஆட்களிடம், வருத்தத்தையும் திருந்தும் வாய்ப்பையும் எடைபோட. சிறிய கல்லூரிகளில் ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி இரண்டையும் ஒரே அறையில், ஒரே மேசையில் முடித்துவிடுகிறார்கள். பக்கத்துக் கல்லூரியிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தால் போதும், அந்தப் பிரிவினை சாத்தியம்தான்.